முத்தெழுத்து கருத்துக் கேட்க வந்த கதை

பிறகு, பிறகு என்று பதினாறு வருஷம் ஒன்றைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தால் அந்தப் பிறகு என்னதான் செய்யும், ஒருநாள் சட்டையை மாட்டிக்கொண்டு நேரில் வந்து நிற்கும். ஒத்தப்புளி தாலுகா ஆபீஸ் ரோட்டில் அப்படித்தான் வந்து நின்றது.

அந்த ரோட்டில் தவமணிக்கு ஒரு டி.டி.பி. கடை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, பள்ளிக்கூடக் கேள்வித்தாள், பட்டா மாற்றம் கேட்கும் மனு, எது வந்தாலும் முத்தெழுத்து என்கிற மென்பொருளில்தான் அவள் அடித்துக் கொடுப்பாள். கடை திறந்த நாளில் கம்ப்யூட்டரில் இருந்தது முத்தெழுத்தின் ஐந்தாம் பதிப்பு. அது ஆறாகி, ஏழாகி, எட்டாகி, இப்போது ஒன்பதில் நிற்கிறது. பதிப்பு எத்தனை மாறினாலும் ஒன்று மட்டும் மாறாது. காலையில் திறந்ததும் திரையின் நடுவில் ஒரு பெட்டி வந்து நின்று, 'முத்தெழுத்து பற்றி உங்கள் கருத்து என்ன?' என்று கேட்கும், கீழே 'சொல்கிறேன்' என்று ஒரு பட்டன், 'பிறகு' என்று ஒரு பட்டன். தவமணி பதினாறு வருஷமாகப் பிறகைத்தான் அமுக்கினாள். சொல்லக் கூடாதென்று இல்லை. பத்தாவதுக்கு மேல் என்ன படிக்க வேண்டும் என்று அவளை யாரும் கேட்டதில்லை, கடைக்கு என்ன பேர் வைக்கலாம் என்று கேட்டதில்லை, பெண் பார்க்க மூன்று தடவை வந்துபோனார்களே, அந்த மூன்று தடவையும் மாப்பிள்ளையைத்தான் கேட்டார்கள், அவளைக் கேட்கவில்லை. எல்லாவற்றையும் அண்ணன் குருசாமி பார்த்துக்கொண்டார், அவளும் "உங்க இஷ்டம்ணே" என்று சொல்லிச் சொல்லி முப்பத்தொன்பது வயதுக்கு வந்துவிட்டாள். அப்படி வந்தவளிடம் ஒரு பெட்டி திடுதிப்பென்று கருத்துக் கேட்டால் பாவம் என்ன செய்வாள்.

ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து நாற்பது. தவமணி வழக்கம்போலப் பிறகை அமுக்கினாள். வாசலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"மேடம், பிறகு ஆயிடுச்சுங்க."

நிமிர்ந்து பார்த்தாள். வெளிர்நீலத்தில் அரைக்கைச் சட்டை போட்ட ஒருவர் நின்றார், நாற்பது வயதிருக்கும், கையில் ஒரு நோட்டு, காதில் பேனா. சட்டையில்தான் விசேஷம். முன்பக்கம் மூன்று வரிசை பட்டன், பையில் நாலு பட்டன், காலரில் எட்டு, தோளில், கையில், முதுகில்கூட இரண்டு வரிசை. எது எதற்கென்று யாருக்கும் தெரியாது, அவருக்கே தெரியாது.

"நீங்க யாருங்க?"

"முத்தெழுத்துங்க. ஒன்பதாம் பதிப்பு. தினமும் பிறகு பிறகுன்னீங்க. சரி, நேர்லயே போய்க் கேட்டுருவோம்னு வந்தேன். என்னைப் பத்தி உங்க கருத்து என்னங்க?"

தவமணி அவரைப் பார்த்தாள், பிறகு திரையைப் பார்த்தாள், திரையில் அந்தப் பெட்டி இல்லை.

"டீ சாப்பிடுறீங்களா?" என்றாள்.

இப்படித்தான் முத்தெழுத்து ஒத்தப்புளிக்கு வந்து சேர்ந்தார். வந்த முதல் நாள் மட்டும்தான் வாசல் வழியாக வந்தார். சாயங்காலம் தவமணி கம்ப்யூட்டரை அணைத்து ஷட்டரை இறக்கும்போது எங்கே போவார் என்று தெரியாது, மறுநாள் ஷட்டரைத் தூக்கினால் உள்ளே பிரின்டர் பக்கத்தில் நிற்பார். ஊரில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தாலுகா ஆபீசுக்கு எத்தனையோ பேர் வருகிறார்கள், நிற்கிறார்கள், போகிறார்கள், கூடுதலாக இவர் ஒருவர். எதிர்த்த டீக்கடை பிச்சைக்கனி மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, சர்க்கரை போடவா, வேணாமா?"

"இந்த இடத்துல வழக்கமா என்ன போடுவீங்களோ அதையே போடுங்க" என்றார் முத்தெழுத்து. நல்ல மனுஷன் என்று அப்போதே முடிவாகிவிட்டது.

ஆனால் ஊரே அவரிடம் சொல்ல ஏதாவது வைத்திருந்தது. முத்தெழுத்தில் தட்டச்சு செய்தவர்கள் சொன்னார்கள், செய்து வாங்கியவர்கள் சொன்னார்கள், செய்யாதவர்கள் அதைவிட அதிகமாகச் சொன்னார்கள். பிச்சைக்கனி வாழ்நாளில் கம்ப்யூட்டரைத் தொட்டவர் இல்லை, கரண்ட் அடிக்கும் என்று பயம். அவர் ஒருவரே முதல் நாளில் பதினோரு கருத்து சொன்னார். முத்தெழுத்து அத்தனையையும் நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதியதோடு விட்டாலும் பரவாயில்லை, மறுநாள் காலை பத்து நாற்பதுக்கு அப்படியே மாறிவந்து நின்றார்.

பள்ளிக்கூடத்து ஜெயசீலி டீச்சர் கேள்வித்தாள் வாங்க வந்தவர், "ஏப்பா, எதுக்கு இவ்வளவு பட்டனு? எனக்குத் தேவை ரெண்டே ரெண்டு" என்றார். மறுநாள் சட்டையில் இரண்டே பட்டன், இரண்டும் கழுத்துப் பக்கம். காற்றடித்தால் சட்டை கொடி மாதிரி பறந்தது. தாலுகா ஆபீசுக்கு வந்த பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு திரும்பி நின்றார்கள். "டீச்சர் சொன்னது கம்ப்யூட்டரைப்பா, இப்படித் திறந்து போட்டுட்டு வரச் சொல்லல" என்று நாலா பக்கமும் சத்தம். அதற்கடுத்த நாள் பட்டன்கள் எல்லாம் திரும்பி வந்திருந்தன, ஆனால் மேலே ஒரு மடிப்புத் துணி போட்டு மூடியிருந்தது, துணியைத் தூக்கினால் அதற்குள் இன்னொரு துணி, அதையும் தூக்கினால்தான் பட்டன். டீச்சர் பார்த்துவிட்டு, "இப்ப பரவாயில்லை" என்றார்.

வெள்ளைத் திரை கண்ணைக் கூசுகிறது என்று யாரோ சொன்னார்கள், சட்டை கறுப்பாகிவிட்டது. கறுப்புச் சட்டை போட்டதும் ரோட்டின் ஒரு பக்கம் அவரைச் சாமி என்று கும்பிட்டு, எப்ப மலைக்குப் போறீங்க என்று விசாரித்தது. மறுபக்கம் தோழர் என்று கைகொடுத்து, எப்ப கூட்டம் போடுறீங்க என்று விசாரித்தது. முத்தெழுத்து இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தலையாட்டினார், இரண்டு பக்கமும் அவரைத் தங்கள் ஆள் என்றே வைத்துக்கொண்டது. வேகம் பத்தாது என்றார்கள், சைக்கிளை முந்திக்கொண்டு நடந்தார். நடக்கிற வேகத்தில் நடுரோட்டில் ஒரு காலைத் தூக்கினபடி அப்படியே நின்றுவிடுவார், வலது கண்ணுக்குள் ஒரு சின்ன வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். முதலில் பஸ் டிரைவர்கள் ஹாரன் அடித்தார்கள், பிறகு சுற்றிக்கொண்டு போகப் பழகினார்கள். மழை பெய்தால் யாராவது ஒரு குடையை அவர் கைக்குள் செருகிவிட்டுப் போவார்கள். வெயில் அடித்தால் அவர் நிழலில் கீரை விற்கிற அம்மா கூடையை இறக்கி வைத்துக்கொள்ளும். சுற்றுவது நின்றதும், "மன்னிக்கணும், எங்க விட்டேன்?" என்று கேட்டுக்கொண்டே தூக்கிய காலைக் கீழே வைப்பார்.

யாராவது பேச ஆரம்பித்தால் மீதியை அவரே முடித்துவைக்கிற பழக்கமும் வந்தது. மனு எழுதும் இருளப்பன் முப்பது வருஷமாகத் தாலுகா ஆபீஸ் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பிறருக்கு மனு எழுதுகிறவர், எழுதியதைத் தவமணியிடம் கொடுத்து அடித்து வாங்குகிறவர். அவருக்கு இந்தப் பழக்கம் ஆரம்பத்தில் ரொம்பப் பிடித்துப்போனது. "ஐயா, எனது நிலத்தை..." என்று அவர் சொன்னால் போதும், "பக்கத்து நிலத்துக்காரர் ஆக்கிரமித்துள்ளார்" என்று முத்தெழுத்து முடித்துவிடுவார். ஆனால் இருளப்பனின் மனைவி ஒருநாள் தூக்குவாளியோடு வந்து, "ராத்திரி உங்க தம்பி வர்றாராம்..." என்று ஆரம்பிக்க, "ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று முத்தெழுத்து முடித்ததும், அந்த அம்மா வாளியை வைத்துவிட்டு ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே போய்விட்டது.

இப்படி மாறி மாறி வந்து, சாயங்காலம் ஒவ்வொருவரிடமும் போய், "இப்ப எப்படி இருக்கேன்?" என்று கேட்பார். எல்லாரும் ஒரே பதிலைச் சொல்வார்கள்.

"பரவாயில்லை."

இந்த ஒரு வார்த்தையில்தான் முத்தெழுத்து மாட்டிக்கொண்டார். ஒத்தப்புளியில் பிள்ளை மாவட்டத்திலேயே முதல் மார்க் வாங்கினாலும் பரவாயில்லை, பந்தியில் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்ட பாயசமும் பரவாயில்லை, பஸ்ஸில் ஒருவன் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டால் அதற்கும் பரவாயில்லை. முத்தெழுத்தின் நோட்டில் ஐந்து நட்சத்திரம் வரைய இடம் இருந்தது, பரவாயில்லைக்கு எத்தனை நட்சத்திரம் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

"ஏங்க, இது என்னைத் தாங்கிக்கிறாங்கன்னு அர்த்தமா?" என்று தவமணியிடம் கேட்டார்.

"சேச்சே. நல்லா இருக்குன்னுதான் அர்த்தம்."

"அப்ப நல்லா இருக்குன்னே சொல்லலாமே?"

"கண்ணு பட்டுருமுல்ல."

"யார் கண்ணு?"

தவமணி சிரித்துவிட்டாள். முத்தெழுத்து, 'கண் - யாருடையது என விசாரிக்க வேண்டும்' என்று எழுதிக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டரை நட்சத்திரம் போட்டுக்கொண்டார்.

தவமணி சிரித்ததை ரோட்டில் கவனித்தார்கள். அவள் சிரிக்காதவள் என்று இல்லை, சத்தமாகச் சிரித்ததில்லை. முத்தெழுத்துக்குத்தான் கேட்பதைத் தவிர வேறு தொழில் தெரியாதே, தன்னைப் பற்றிக் கேட்டு அவள் வாயைத் திறக்காததால் கண்ணில் பட்டதையெல்லாம் கேட்க ஆரம்பித்தார். இந்த டீ பற்றி உங்கள் கருத்து என்ன, இந்தப் பத்திரிகையில் போட்டிருக்கிற பிள்ளையார் பற்றி, இன்றைக்கு வெயில் பற்றி, உங்கள் செருப்பு பற்றி. முதல் வாரம் அவள் எல்லாவற்றுக்கும் தோளைக் குலுக்கினாள். இரண்டாம் வாரம் ஒருநாள், தட்டச்சு செய்துகொண்டே, திரும்பாமலே, "டீ கொஞ்சம் தண்ணியா இருக்கு" என்றாள். சொல்லிவிட்டு அவளே பயந்துபோய்க் கையை நிறுத்தினாள். ஒன்றும் ஆகவில்லை. முத்தெழுத்து எழுதிக்கொண்டார். அதற்கப்புறம் மடை திறந்தது மாதிரிதான், அண்ணி வைக்கிற ரசத்தில் புளி அதிகம், எனக்கு மஞ்சக் கலரே ஆகாது, கடைப் பலகையில் மஞ்சள் அடித்ததே அண்ணன்தான், கணக்கு எனக்கு நல்லா வரும், மேலே படித்திருந்தால் அதைத்தான் படித்திருப்பேன், பெண் பார்க்க வந்த இரண்டாவது ஆளுக்குக் காது சரியில்லை, நல்லவேளை. பதினாறு வருஷத்துப் பதிலை மூன்று வாரத்தில் சொன்னாள். முத்தெழுத்து தன் நோட்டில் அவளுக்கென்று தனியாகப் பக்கம் ஒதுக்கினார், அது முப்பது பக்கத்துக்குப் போனது.

தன்னைப் பற்றி அவர் கேட்கும்போது மட்டும் தவமணி, "அடுத்த கேள்வி கேளுங்க" என்பாள்.

புரட்டாசி பிறந்து ஒரு திங்கள்கிழமை இருளப்பன் கோபமாக வந்தார். முதல் பதிப்புக் காலத்தில் அவர் எழுதி, வெளியூர்க் கடை ஒன்றில் அடித்த கண்மாய் மனு ஒன்று மறுபடி தேவைப்பட்டது, அதைத் திறந்தால் எழுத்தெல்லாம் பெட்டி பெட்டியாக, நடுவில் கேள்விக்குறியாக வந்து நின்றது.

"என்னய்யா ஒன்பது, பத்துன்னு ஏத்திக்கிட்டே போற? என் கண்மாயைக் காணோம் பாரு! புதுசெல்லாம் ஒண்ணும் வேணாம்யா. பழசே பரவாயில்லை!"

ரோட்டில் நின்றவர்கள் திரும்பினார்கள். யாருக்குத்தான் அந்த வார்த்தையில் ஆசை இல்லை. "ஆமா, பழசே பரவாயில்லை" என்றார் ஜெயசீலி டீச்சர். "பழசு மாதிரி வராதுங்க" என்றார் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர். "அந்தக் காலத்து முத்தெழுத்து எப்படி இருக்கும் தெரியுமா? இரும்பு மாதிரி!" என்றார் பிச்சைக்கனி, பாய்லரைத் துடைத்துக்கொண்டே. பதினாலு பேர் ஒரே நேரத்தில் ஒரே கருத்தைச் சொன்னது முத்தெழுத்தின் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவர் நோட்டை மூடிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை பத்து நாற்பதுக்கு அவர் எட்டாம் பதிப்பாக வந்து நின்றார். சட்டை மறுபடி வெளிர்நீலமாகிவிட்டது. நோட்டில் கடைசிப் பக்கங்கள் வெள்ளையாக இருந்தன. தவமணியைப் பார்த்து, "டீ பிடிக்குமாங்க உங்களுக்கு?" என்று கேட்டார், தண்ணி டீ பற்றி இரண்டு பக்கம் எழுதிய மனுஷன். புதன்கிழமை ஏழு. அன்றைக்குப் புது பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டவரைப் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பிவிட்டார், ஏழாம் பதிப்புக்குப் புது பஸ் ஸ்டாண்டே தெரியாது. வியாழக்கிழமை ஆறு. வெள்ளிக்கிழமை ஐந்து.

தவமணியின் கம்ப்யூட்டரும் கூடவே இறங்கியது. ஜெயசீலி டீச்சரின் காலாண்டுக் கேள்வித்தாள் பெட்டி பெட்டியாகிவிட்டது, முகூர்த்தப் பத்திரிகையில் மாப்பிள்ளை பேர் இருந்த இடத்தில் நாலு கேள்விக்குறி நின்றது. இருளப்பனின் கண்மாய் மனு மட்டும் ஒவ்வொரு நாளும் ஒரு வரி தெளிந்துகொண்டே வந்தது. கடைசியில் பார்த்தால் அந்தக் கண்மாயில்தான் இப்போது புது பஸ் ஸ்டாண்டு இருக்கிறது.

ஐந்தாம் பதிப்பு முத்தெழுத்து வெள்ளிக்கிழமை பிரின்டர் பக்கத்தில் நின்று கடையைச் சுற்றிப் பார்த்தார்.

"புதுசா திறந்திருக்கீங்களா? தேங்காய் வாசம் அடிக்குதே. உங்க அண்ணன்தானே பட்டனை அமுக்கித் தொடங்கிவச்சாரு? நீங்க அந்த மூலையில நின்னீங்க, கையில சாமி தட்டு வச்சுக்கிட்டு."

தவமணி உட்கார்ந்துவிட்டாள். "நாளைக்கு என்ன ஆவீங்க?"

"நாலுங்க."

"நாலுல நான் இருப்பேனா?"

"நாலாம் பதிப்புல இந்தக் கடை இல்லைங்க" என்றார் அவர், மறைக்கத் தெரியாதவர். "கருத்துக் கேட்கிற பெட்டியும் இல்ல. அது ஐந்துலதான் வச்சாங்க. நாலு யாரையும் எதையும் கேட்காதுங்க. அடிச்சதை அடிக்கும். அப்புறம் மூணு, ரெண்டு, ஒண்ணு. அதுக்கப்புறம் எனக்குத் தெரியாது."

"நிறுத்த முடியாதா?"

"பதினாலு பேர் கேட்டிருக்காங்களே. வேண்டாம், இப்படியே இருக்கட்டும்னு யாராவது ஒருத்தர் கருத்துச் சொன்னாப் போதும், நின்னுரும். ஆனா தெளிவா சொல்லணும். பரவாயில்லைங்கிறதை எடுத்துக்க மாட்டேன், எத்தனை நட்சத்திரம்னு எனக்குத் தெரியல."

தவமணி வழியாக விஷயம் பரவி, சனிக்கிழமை காலை பத்து மணிக்கே தாலுகா ஆபீஸ் ரோட்டில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கேள்வித்தாளுக்காக வந்தவர்கள் பாதி, நடுரோட்டில் குடை செருகிச் செருகிப் பழகிப்போனவர்கள் பாதி. தங்கச்சி கடை முன்னால் என்ன கூட்டம் என்று குருசாமியும் வந்துவிட்டார், வெள்ளை வேட்டியும் கையில் வண்டிச் சாவியுமாக. முத்தெழுத்து வாசலில் நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார்.

முதலில் ஜெயசீலி டீச்சர் வந்தார். "நீ ரொம்ப நல்லாத்தான்ப்பா இருக்க. ஆனா..."

"ஆனான்னு எழுதிக்கிட்டேங்க. சொல்லுங்க."

"அடடா, அதை எழுதாதப்பா!"

டீச்சரின் ஆனாவை அழிக்க முடியவில்லை. இருபத்தெட்டு வருஷம் பரீட்சைத்தாள் திருத்தியவர், ஐம்பதுக்கு நாற்பத்தொன்பதுக்கு மேல் அவர் கை போட்டதில்லை. அடுத்து இருளப்பன், தான் கொளுத்திப்போட்டதைத் தானே அணைக்க வேண்டும் என்று, குரலைச் சரிசெய்துகொண்டு, "மேற்படி முத்தெழுத்து என்பவர் மேற்படி ஐந்தாம் பதிப்பிலேயே தொடர்ந்து நீடிக்க ஆவன செய்யுமாறு..." என்று சொல்லி முடித்தார். முத்தெழுத்து பவ்யமாகக் கேட்டுவிட்டு, "இதைத் தாசில்தார்கிட்ட கொடுக்கணுமாங்க, என்கிட்டயா?" என்றார். பிச்சைக்கனி கல்லாவை விட்டே இறங்கி வந்தார். "தம்பி, உன்னை மோசம்னு சொன்னா அவன் மனுஷனே இல்ல" என்றார் உணர்ச்சியோடு. மோசம், இல்லை, மனுஷன், இல்லை என்று முத்தெழுத்தின் கண்ணுக்குள் வட்டம் சுற்றத் தொடங்கி ஏழு நிமிஷம் சுற்றியது.

அது நின்றபோது மணி பத்து முப்பத்தெட்டு.

ஊருக்குப் பாராட்டத் தெரியாது என்று இல்லை, பாராட்டுவதற்கு ஒரே ஒரு வார்த்தை முழுசாக இருந்தது. அது யாருக்கும் ஞாபகம் வராமல் போனதற்குக் காரணம், ஒத்தப்புளியில் அதை ஒரே ஒரு சமயத்தில்தான் சொல்வார்கள். பஜ்ஜி, சொஜ்ஜி சாப்பிட்டு, பெண்ணைப் பார்த்து, நடக்கச் சொல்லி, பாடச் சொல்லி, எல்லாம் முடிந்தபின் மாப்பிள்ளைப் பையனைத் தனியே கூப்பிட்டுக் கேட்பார்கள், அவன் தரையைப் பார்த்துக்கொண்டு அந்த வார்த்தையைச் சொல்வான், உடனே நாள் பார்ப்பார்கள். தவமணியைப் பார்த்த மூன்று பேரும் அதைச் சொல்லாமல், ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம் என்று போனவர்கள். பெண் வாயிலிருந்து அந்த வார்த்தையை ரோட்டில் யாரும் கேட்டதில்லை. சொன்னால் அது மென்பொருளைப் பற்றிய கருத்தாக நிற்காது என்று தவமணிக்குத் தெரியும், அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும், வண்டிச் சாவியைச் சுழற்றிக்கொண்டு நிற்கிற அண்ணனுக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

முத்தெழுத்து கடைசியாக அவள் பக்கம் திரும்பினார். அவளை ஒரே ஒரு நாள், ஒரு மூலையில், கையில் தட்டோடு பார்த்த ஞாபகம் மட்டும் உள்ள முகத்தோடு.

"மேடம், முத்தெழுத்து பற்றி உங்கள் கருத்து என்ன?"

"எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள் தவமணி.



"எது பிடிச்சிருக்குங்க?" என்று பேனாவை எடுத்தார் முத்தெழுத்து, கருத்துப் படிவத்தில் இரண்டாவது கேள்வி அதுதான். "எழுத்து வடிவமா, வேகமா, பட்டன் அமைப்பா?"

"வேகமா? நீங்க நடுரோட்டுல நிப்பீங்க, மழையில நனைவீங்க, சொல்ல வந்ததை வேற மாதிரி முடிப்பீங்க. அதெல்லாம் எனக்குத் தெரியும். நீங்க என்னைக் கேட்டீங்க. கேட்டுட்டு, நான் சொல்ற வரைக்கும் நின்னீங்க. அது பிடிச்சிருக்கு. ஒன்பதுல என்னை நல்லாத் தெரிஞ்சிருந்துச்சு உங்களுக்கு, இப்பத் தெரியாது, அதனால என்ன, மறுபடி சொல்றேன். இதுக்குக் கீழ இறங்காதீங்க. எழுதிக்கோங்க."

முத்தெழுத்து எழுதினார். ஐந்து நட்சத்திரத்தையும் ஒவ்வொன்றாக, கோணல் இல்லாமல் வரைந்தார். பத்து நாற்பது ஆனது, பத்து நாற்பத்தொன்று ஆனது, அவர் அப்படியே நின்றார், ஐந்தாகவே. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேள்வித்தாளை மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டுமே என்று அதற்கும் சேர்த்து ஒருமுறை துடைத்துக்கொண்டார்.

குருசாமிதான் முதலில் பேசினார். சாவி அவர் விரலில் சுழல்வதை நிறுத்தியிருந்தது.

"தவமணி. நடுரோட்டுல நின்னு என்ன பேச்சு பேசுற? நாலு பேரு என்ன நினைப்பாங்க?"

தவமணி வாயைத் திறப்பதற்குள் முத்தெழுத்து நோட்டில் புதுப்பக்கம் திருப்பிவிட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். இத்தனை வருஷம் எல்லாரையும் கேட்டிருக்கிறார், இந்த ஊரே யாருடைய கருத்துக்கு இப்படி நடுங்குகிறதோ அவர்களை விட்டுவிட்டாரே!

"அந்த நாலு பேரு யாருங்க? பேரு சொன்னீங்கன்னா நானே போய்க் கேட்டுட்டு வந்துடுறேன்."

குருசாமி அவரைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், கூட்டம் அவரைப் பார்த்தது. "இங்கதான்... ஊர்ல இருப்பாங்க" என்றார்.

முத்தெழுத்து பேனாவைக் காதில் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டார். தாலுகா ஆபீஸ் ரோட்டை முடித்து, தேரடி போய், கீழ ரத வீதி, மேல ரத வீதி, பள்ளிவாசல் தெரு, சர்ச் தெரு, ரைஸ்மில் சந்து என்று ஒரு வாசல் விடாமல், ஒரு காலைத் தூக்கியபடி நின்றும் நடந்தும், கதவைத் தட்டித் தட்டிக் கேட்டார். "வணக்கங்க. அந்த நாலு பேர்ல நீங்க ஒருத்தருங்களா?" நானா, ஐயோ நான் இல்லை, நானே அவங்களுக்குப் பயந்துதான் என் மகளை வேலைக்கு அனுப்பாம வச்சிருக்கேன் என்றார் ஒருவர். நானும் அவங்களுக்காகத்தான் கடன் வாங்கி மாடி கட்டினேன், வீட்டுக்கு வந்து பார்க்கவே இல்லை, கண்டுபிடித்தால் வரச்சொல்லுங்கள் என்றார் இன்னொருவர். பக்கத்துத் தெருவில் இருப்பார்கள் என்று ஒவ்வொரு தெருவும் கைகாட்டியது.

கூட்டம் கலைந்து, குருசாமி மட்டும் பிச்சைக்கனி கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், எழுந்து போகவும் முடியவில்லை. வெயில் தணிந்து, தாலுகா ஆபீஸ் கேட்டைச் சாத்துகிற நேரத்துக்கு முத்தெழுத்து திரும்பி வந்தார். முழங்கால் வரை படிந்த புழுதியோடு குருசாமியின் முன்னால் நின்று, நோட்டைத் திறந்து காட்டினார். பக்கம் வெள்ளையாக இருந்தது.

"எல்லா வீட்லயும் கேட்டுட்டேங்க. அப்படி நாலு பேரு இந்த ஊர்ல இல்லைங்க."

குருசாமி நோட்டை வாங்கி அந்த வெள்ளைப் பக்கத்தின் மறுபக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். "ஒருத்தர்கூடவா?" என்றார்.

"ஒருத்தர்கூட இல்லைங்க."

உள்ளே தவமணி, வாடிக்கைக்காரர்கள் உட்காருவதற்கென்று வாசலைப் பார்த்துப் போட்டிருந்த ஸ்டூலை எடுத்துத் தன் நாற்காலிக்குப் பக்கத்தில், திரையைப் பார்த்தபடி திருப்பிப் போட்டாள்.